அந்த வீடு உன்னுடையது

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.
14.01.2025

சுஹைராவுக்கு,

ஸலாம் சொல்வது கடமை. சொல்லிவிட்டேன். சுகம் கேட்பது கடமையில்லை, அதனால் கேட்கவில்லை.

போனில் உன் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. நாலாம் வகுப்போடு நின்றவளுக்குக் கடிதம் எழுத வராது என்று நினைத்திருப்பாய். கோபம் வந்தால் எனக்கு எழுத்தும் வரும்.

போன வெள்ளிக்கிழமை கிராம சேவகர் ஒரு கடதாசி கொண்டுவந்து தந்தார். மாதாமாதம் எனக்கு வந்துகொண்டிருந்த நலன்புரிப் பணம் இனி இல்லையாம். என்ன காரணம் என்று கீழே ஒரு வரி போட்டிருந்தது: “மூதூரில் கல்வீடு ஒன்று இவருக்குச் சொந்தமாக உள்ளது.” மூன்று தரம் வாசித்தேன். பிறகு என் கண்ணில் பிழையோ என்று மகள் றஹ்மாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் வாசித்தாள்.

உம்மா தன் வீட்டை என் பெயருக்கு எழுதி வைத்தது கந்தோர்க்காரருக்கு எப்படித் தெரியும்? வீட்டு உறுதிப் பத்திரம் என் அலுமாரிக்குள் இருக்கிறது. அலுமாரியின் திறப்பு என் இடுப்பில் இருக்கிறது. அந்த வீட்டில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறவள் நீ. ஆகவே சொன்னவளும் நீ.

உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தம் உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. எனக்கு இருக்கிறது. சாப்பிட்ட சஹன் தட்டுகளை இன்னும் எடுக்கவில்லை. பள்ளிவாசல் ஆட்கள் முன் விறாந்தையில் கை துடைத்துக்கொண்டிருந்தார்கள். நீ பச்சைச் சாரி உடுத்துக்கொண்டு வந்து நின்றாய், அதுவும் என்னிடம் இரவல் வாங்கி இன்று வரைக்கும் திருப்பித் தராத சாரி. நின்று சொன்னாய்: “இந்த ஊடு உம்மா எனக்கு வாயால தந்தது. ராத்தாக்கு இதுல ஒரு ஓடும் இல்ல.”

அன்றைக்கு எனக்கு ஒரு ஓடும் இல்லை. இன்றைக்கு முழு வீடும் என்னுடையதா?

நான் மகளின் வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பாகப் பத்தி இறக்கி, தனி அடுப்பு வைத்து, தனியாக உலை வைத்துச் சாப்பிடுகிறவள். அந்தப் பணம் வந்தபடியால்தான் கண்ணுக்கு விடுகிற மருந்தை என் காசில் வாங்கினேன். பேரப்பிள்ளைகளுக்குப் பெருநாளில் என் கையால் கொடுத்தேன். இனி மருந்து முடிந்தால், மருமகன் றம்ஸானின் கதிரைக்குப் பக்கத்தில் போய் “மகன்” என்று இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. கொடுப்பான். கொடுத்துவிட்டு றஹ்மாவைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கு நான் நிற்க மாட்டேன்.

ஏன் செய்தாய்? பதில் எழுத்தில் வேண்டும்.

அசனா


மூதூர்.
22.01.2025

ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், எங்களுக்குச் சுகமில்லை. இவருக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. கொட்டியாரக் குடா முழுக்கத் தோணி ஓட்டித் திரிந்த மனுஷன், இப்போது கட்டிலில் புரளுவதற்கும் என் தோள் வேண்டும்.

நான் யாரிடமும் போய்க் கோள் சொல்லவில்லை. கணக்கெடுக்க ஒரு பிள்ளை வந்தாள். கையில் போன் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். “இந்த வீடு யாருட, உம்மா?” என்றாள். “ராத்தாட. உறுதி அவட பேர்லதான்” என்றேன். உங்கள் பெயரைக் கேட்டாள், சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். இதில் எது பொய், நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கத்தத்தில் நான் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதை விட்டுவிட்டீர்கள். வாசலில் இறங்கி, றோட்டில் போகிற சனத்துக்கும் கேட்கும்படியாக, “ஒவ்வொரு ஓடும் என்ட! சுவரில இருக்கிற பல்லியும் என்ட!” என்றீர்கள். பிறகு, சண்டையில் ஷெல் விழுந்து உடைந்த ஒரு பக்கக் கூரையைத் திருத்த 2013இல் உதவி கொடுத்தார்கள். சொந்தக்காரியின் கையொப்பம் கேட்டார்கள். உங்களிடம் ஆள் அனுப்பினேன். “என்ட ஊட்டுக் கூரைய மாத்த அவ யாரு?” என்று திருப்பி அனுப்பினீர்கள். அந்தப் பக்கம் இன்றைக்கும் தகரம்தான். மழை பெய்தால் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது.

இப்போது அரசாங்கமே அந்த வீடு உங்களுடையது என்று எழுதித் தந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக நீங்கள் கேட்டது. சந்தோஷப்படுங்கள்.

சுஹைரா


குறிஞ்சாக்கேணி.
05.02.2025

சுஹைராவுக்கு,

ஸலாம். சந்தோஷப்படச் சொன்னாய். பட்டு முடித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமைகளில் இங்கே வாசிகசாலையின் பின் அறையில் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி செய்கிறார்கள். காசு வாங்குவதில்லை. றஹ்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தயாளினி என்று ஒரு பிள்ளை, திருகோணமலை டவுனிலிருந்து வருகிறாள். சட்டத்தரணி என்கிறார்கள், ஆனால் சப்பாத்தின் குதி ஒரு பக்கம் தேய்ந்துபோய் இருக்கிறது. கந்தோர் கந்தோராக நடக்கிறவள் என்று விளங்கிற்று. அதனால் உட்கார்ந்தேன்.

“அந்த வீட்டால உங்களுக்கு வாடகை ஏதும் வருதா, அம்மா?”

“வாடகையா? ஒரு தேங்காயும் வந்ததில்ல.”

“கடைசியா எப்ப அங்க போனீங்கள்?”

“இரண்டாயிரத்தி ஏழு, ஏப்ரல் இருபத்தொண்டு, சனிக்கிழமை. பின்னேரம் நாலரைக்கு வெளியே வந்தன்.”

அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சரி அம்மா, உங்களுக்கு டயறி தேவையில்ல” என்றாள்.

அவள் சொன்ன வழி இதுதான். பணம் வெட்டினதை எதிர்த்து மேன்முறையீடு எழுதிப் போட்டாயிற்று. ஏப்ரல் எட்டாம் திகதி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வீடு பெயரளவில்தான் என்னுடையது, எனக்கு அதனால் ஒரு பலனும் இல்லை என்று காட்ட வேண்டும். அதைக் காட்டக்கூடியவள் நீதான். “என் தாய் இந்த வீட்டை எனக்குத் தந்தார், பதினெட்டு வருஷமாக நான்தான் சொந்தக்காரியாக இதை ஆள்கிறேன், என் சகோதரிக்கு இதில் ஒன்றும் கிடைப்பதில்லை” என்று சமாதான நீதவானுக்கு முன்னால் ஒரு சத்தியக் கடதாசியில் நீ ஒப்பம் வைக்க வேண்டும். தயாளினி அதை எழுதியே தந்திருக்கிறாள். இதோடு வருகிறது.

ஊர் முழுக்க நீ வாயால் சொன்னதுதானே. இப்போது கையால் சொல். உனக்கென்ன கஷ்டம்?

ஒன்றை மட்டும் பிழையாக விளங்காதே. அந்த வீடு உன்னுடையது என்று நான் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டும். நான் அந்த ஒரு நாளைக்கு மறுக்காமல் இருப்பேன். அவ்வளவுதான் என்னால் ஏலும்.

அசனா


மூதூர்.
13.02.2025

ராத்தாவுக்கு,

நீங்கள் அனுப்பிய சத்தியக் கடதாசி கிடைத்தது. ஒப்பம் வைக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

பதினெட்டு வருஷம் அந்த வீடு எனக்கு என்று நான் சொன்னேன். இல்லை என்றீர்கள். இப்போது உங்களுக்கு என்று சொல்கிறேன், அதற்கும் இல்லை என்கிறீர்கள். நான் சொல்வது எதுவோ அதுதான் பிழை.

எனக்கும் இப்போது அந்தப் பணம் வருகிறது. சொந்த வீடு இல்லை, நோயாளி இருக்கிறார் என்றுதான் என் பெயரைச் சேர்த்தார்கள். நான்தான் கல்வீட்டுச் சொந்தக்காரி என்று சத்தியம் பண்ணினால் அடுத்த மாதமே என் பெயரும் போய்விடும். உங்களுக்குக் கண்ணுக்கு மருந்து. எனக்கு இவருடைய மருந்து, பம்பஸ், கிளினிக்குக்குக் கொண்டுபோகிற ஓட்டோ. உங்களுக்குக் கை நீட்ட ஒரு மருமகனாவது இருக்கிறான்.

நானும் உங்கள் தயாளினியிடம் போனேன். மாதத்தில் ஒரு நாள் இங்கேயும் வருகிறாள். எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவள், உங்கள் பெயரைச் சொன்னதும் கோப்பை மூடிவிட்டாள். “அம்மா, நான் உங்கட அக்காட ஆள். இனி உங்களோட இந்த விஷயம் கதைக்க எனக்கு ஏலாது. வேற ஆளிட்ட அனுப்புறன்” என்றாள். எனக்கு முதல் அங்கேயும் போய்விட்டீர்கள்.

இன்னொன்று. சொல்வதில்லை என்று இருந்தேன். 2022இல் இவர் உங்கள் வீட்டுக்கு வந்து உறுதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, “நான் மௌத்தானாப் பிறகு வந்து அலுமாரியத் திறங்க” என்று சொல்லி அனுப்பினீர்கள். அவர் ஏன் வந்தார் என்று கேட்கவில்லை. அவரும் வெட்கத்தில் சொல்லவில்லை. என் மகள் ஷிஃபானாவுக்குக் கலியாணம் பேசியிருந்தோம். நம்முடைய ஊரில் வீடு எழுதிக் கொடுக்காமல் எந்தப் பெண்ணைக் கலியாணம் முடித்துக் கொடுத்திருக்கிறார்கள்? ராத்தாவின் மனம் மாறும், இரண்டு மூன்று மாதத்தில் எழுதித் தருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பொய் சொன்னோம். கலியாணம் நடந்தது. வீடு நடக்கவில்லை. இப்போது அவளும் மாப்பிள்ளை சஜீதும் தோப்பூரில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒவ்வொரு பெருநாளைக்கும் அவளுடைய மாமி, சஜீதின் உம்மா, வந்திருந்து, வருகிற சனத்துக்கு “ஊடில்லாம வந்த மருமகள்” என்று அறிமுகம் செய்கிறாளாம். சஜீத் வாயைத் திறப்பதில்லை.

நீங்கள் என்னோடு கோபித்தீர்கள். அடி அவள் மேல் விழுந்தது.

சுஹைரா


குறிஞ்சாக்கேணி.
21.02.2025

சுஹைராவுக்கு,

ஸலாம். உன் புருஷன் ஜவாஹிர் அன்றைக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கோப்பைத் தேத்தண்ணி குடித்தார், மூன்று வட்டிலப்பத் துண்டு சாப்பிட்டார், மழை எப்போது வரும் என்று கதைத்தார். கலியாணம் என்று ஒரு சொல் வரவில்லை. அது என் பிழையில்லை.

நீ ஒப்பம் வைக்கத் தேவையில்லை. என்னிடம் உன் ஒப்பம் இருக்கிறது.

2011, ஒக்டோபர் 9. தண்ணீர் இணைப்பு எடுத்த நாட்களில் நீ எனக்கு எழுதிய கடிதம். பள்ளிக்கூடக் கொப்பி ஒற்றையில், நீல மையில். “உம்மா வாயால் எனக்குத் தந்த வீடு இது. நான்தான் சொந்தக்காரி என்று எழுதிக் கொடுத்துத் தண்ணீர் எடுத்துவிட்டேன். உங்கள் ஒப்பம் இனி எனக்கு ஒன்றுக்கும் தேவையில்லை.” கீழே பெயர், திகதி, எல்லாம் இருக்கிறது. அதை நான் உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நீ எழுதிய எதையும் நான் எறிந்ததில்லை.

தயாளினியிடம் காட்டினேன். வாசித்துவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். “அம்மா, இது போதும். சத்தியக் கடதாசி தேவையில்ல. இதோட தண்ணி பில்லும் அவட பேர்ல இருக்கெண்டு காட்டினா நாங்கள் வெல்லுவம்” என்றாள். “அவளுக்கு என்ன ஆகும்?” என்று கேட்டேன். “அவட பக்கத்தைத் திரும்பப் பார்ப்பாங்கள். அவவையும் வெட்டக்கூடும். அதை உங்களுக்குச் சொல்லாம விட எனக்கு ஏலாது. குடுக்கிறதா இல்லையா எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும். நீங்கள் ஓம் எண்டாத்தான் இது என்ட கோப்பால வெளியில போகும்.”

நான் ஓம் என்றேன். யோசிக்கவும் இல்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்காக என்று நீ ஊரில் சொல்லித் திரிகிறாய். வீடு எனக்கு என்னத்துக்கு? 2007 மார்ச் 13, உம்மா மௌத்தான அன்றைக்குக் காலை எட்டரைக்கு எனக்குச் செய்தி வந்தது. ஒன்பதுக்கு வெளிக்கிட்டேன். ஆறு கடக்கிற இடத்தில் ஆமிக்காரர்கள் பாதைப் படகை விடாமல் மறித்து வைத்தார்கள். வெயிலில் நின்றேன். அழுது கேட்டேன். வந்து சேரும்போது மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள், கைலியில் மண். உம்மாவின் முகத்தை எனக்குக் காட்டாமல் அடக்கினாய். அதை மன்னிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தது வீட்டு உறுதி மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

அசனா


மூதூர்.
27.02.2025

ராத்தாவுக்கு,

அந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.

நான் எழுதியதுதான். கூப்பிட்டுக் கேட்டால் ஓம், என் கையெழுத்து என்று சொல்வேன். வெட்டினால் வெட்டட்டும். உங்கள் கண்ணுக்காக நான் விட்டுக்கொடுத்ததாக இருக்கட்டும். இவரை எப்படியும் பார்த்துக்கொள்வேன். அல்லாஹ் இருக்கிறான்.

உம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது என்னிடம் கேட்டீர்களா? பகல் லுஹர் தொழுகையோடு அடக்கிவிடச் சொன்னார்கள். கிண்ணியாவிலிருந்து ராத்தா வருகிறா என்று நான் உம்மாவைக் கிடத்திய கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெரியவர்கள் ஏசினார்கள். பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் வைத்தேன். ஊரடங்கு போடப் போகிறார்கள் என்று கதை வந்ததும், இவர் வந்து என் கை விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு நான் பார்க்கவில்லை.

நான் காக்கவில்லை என்று மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

நோன்பு வருகிறது. பதில் எழுத வேண்டாம்.

சுஹைரா


குறிஞ்சாக்கேணி.
24.04.2025

சுஹைராவுக்கு,

ஸலாம். எழுத வேண்டாம் என்று சொன்னாய். நீ சொன்னதற்காக இல்லை, எழுத ஒன்றும் இருக்கவில்லை, அதனால்தான் விட்டேன். இப்போது இருக்கிறது.

அஸர் வரைக்கும் வைத்ததாக எழுதினாய். நான் வந்தது அஸர் கழிந்து அரை மணித்தியாலத்தில். அந்த அரை மணித்தியாலத்தை நான் யாரிடம் கேட்பது? உன்னிடம் கேட்க ஏலாது என்பது இப்போது விளங்குகிறது. அதனால் கோபம் குறைந்தது என்று நினைக்காதே. இவ்வளவு காலமும் ஆள் மாறிக் கோபித்துவிட்டேனே என்று அதற்கும் சேர்த்துக் கோபம்.

எட்டாம் திகதி விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மூதூர் வீடு உங்கடதா, அம்மா?”

“ஓம். என்ட.”

தயாளினி மேசைக்குக் கீழே சப்பாத்தால் என் காலைத் தட்டினாள். “அந்தக் கடிதம், அம்மா” என்றாள் மெல்ல.

“எந்தக் கடிதம்?”

“எனக்குக் காட்டினீங்களே. கோப்பில போட்டோக் கொப்பி இருக்கு.”

கோப்பைத் திறக்கப் போனாள். நான் அவள் கையின் மேல் என் கையை வைத்தேன். “நான் ஓம் எண்டாத்தானே அது வெளியில போகும்? நீதானே சொன்ன. இப்ப இல்ல எண்டு சொல்றன்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர், “அம்மா, வேற ஏதும் சொல்லப் போறீங்களா?” என்று கேட்டார். நல்ல மனுஷன், நேரம் கொடுத்தார். நான் ஒன்றும் இல்லை என்றேன். வெட்டியது வெட்டியதுதான் என்று எழுதினார்கள்.

வெளியே படியில் வைத்து அந்தப் பிள்ளை என்னை ஏசினாள். “வெல்லுற வழக்கு, அம்மா! கையில வச்சிக்கொண்டு இப்பிடியா செய்வீங்கள்?”

“நான் வெண்டா அவ பெரிய மனுசியாகிடுவா. ராத்தாட கண்ணுக்காக என்ட பணத்த விட்டுக் குடுத்தன் எண்டு கியாமத்து நாள் வரைக்கும் சொல்லுவா. அதக் கேட்டுக்கொண்டு எனக்கு இருக்க ஏலாது.”

பிறகு அவள் கடையில் ஒரு சோடா வாங்கித் தந்தாள். பாதி குடித்துவிட்டுக் கேட்டேன், அந்த வீட்டை என் பெயரிலிருந்து எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று. நன்கொடை உறுதி எழுதலாம் என்றாள். எழுதினாலும் இந்த முடிவு மாறாது, அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் பணம் கிடையாது, அது எப்போது என்று தனக்கும் தெரியாது என்றாள். “தெரிஞ்சுதான் கேக்கிறன்” என்றேன். “சரி, யாருக்கு எழுதுறது? தங்கச்சிக்கா?” என்றாள்.

“அவளுக்கு ஒரு ஓடும் இல்ல” என்றேன்.

நேற்று முன்தினம் டவுனில் உறுதி எழுதுகிற நொத்தாரிசின் கந்தோரில் ஷிஃபானாவின் பெயருக்கு எழுதி முடித்தாயிற்று. அவளை நான்தான் போனில் கூப்பிட்டேன். வாங்குகிறவளும் ஒப்பம் வைக்க வேண்டுமாம். கடிதம் வரும் வரைக்கும் உம்மாவிடம் மூச்சு விடாதே என்று சொன்னேன். விட்டிருக்க மாட்டாள். வாய் இறுக்கத்தில் அவள் உன் மகள் இல்லை, என் மகள். சஜீதும் வந்தான். ஷிஃபானா ஒப்பம் வைத்துவிட்டு, “பெரியம்மா, ஏன்?” என்று கேட்டாள். “உன்ட மாமிட வாய மூடுறதுக்கு” என்றேன். சஜீத் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நன்றாகப் பார்க்கட்டும்.

நீ இதை நன்மை என்று நினைக்காதே. இனி நீயும் என்னைப் போல மகளின் வீட்டில் இருக்கிறவள். முன் விறாந்தையில் மருமகன் கதிரை போட்டு இருப்பான். நீ குசினிப் பக்கத்தால் போய் வருவாய். தேத்தண்ணி பிந்தினால் ஒரு இருமல் வரும். சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். நான் பதினாறு வருஷமாகப் படுகிறேன். நீயும் படு.

உன் பணத்தை இதனால் வெட்ட மாட்டார்கள் என்று தயாளினி சொல்கிறாள். வீடு மகளுடையது, அவள் வேறு குடும்பம். ஆனால் அவர்கள் வந்து குடியிருந்தால் நீ தனி அடுப்பு வைத்துவிடு. நாளைக்குப் பார்ப்போம் என்று சோம்பல் படாதே. ஒரே உலையில் சமைத்தால் ஒரே குடும்பம் என்று எழுதிவிடுவார்கள். கணக்கெடுக்கிற பிள்ளைகள் முதலில் எட்டிப் பார்ப்பது குசினியைத்தான்.

2011ஆம் ஆண்டுக் கடிதம் என்னிடமே இருக்கும். உன்னை நம்ப ஏலாது.

அசனா


மூதூர்.
03.05.2025

ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஷிஃபானா உறுதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். முழுதும் வாசித்தேன். அதில் என் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, இன்னாரின் மகள் என்று. வேண்டுமென்றுதானே அப்படிச் செய்தீர்கள்.

நன்றி சொல்ல மாட்டேன். சொன்னால் அதை வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருஷம் கதைப்பீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. வழக்கைத் தோற்றுவிடுங்கள் என்று நான் உங்களைக் கேட்டேனா? கடிதத்தைக் கொடுங்கள் என்று சொன்னேன். அதைக்கூட நான் சொன்னபடி செய்ய உங்களுக்கு மனம் வரவில்லை.

அவர்கள் வந்துவிட்டார்கள். முதல் நாளே சஜீத் என் கதிரையைத் தூக்கி விறாந்தையில் போட்டான். நீங்கள் எழுதியபடியே இருமுகிறான். ஆனால் இரண்டாம் நாள் கூரையில் ஏறித் தகரத்தைக் கழற்றிப் பார்த்தான். ஓடு வாங்குவதற்கு ஆளோடு கதைத்திருக்கிறானாம். தன் பெண்சாதியின் வீடு என்றதும் ஆம்பிளைக்குக் கைகால் வருகிறது. மாமி ஒரு தரம் வந்தாள். முழு வளவையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கிணறு கிட்டடியில் இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போனாள். வேறு குறை கிடைக்கவில்லை.

தனி அடுப்பு வைத்துவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை.

இவருக்கு வாய் சரியாக வராது. நீங்கள் செய்ததைச் சொன்னேன். ஏதோ சொல்ல வந்தார், “வட்டிலப்பம்” என்பது மட்டும் விளங்கிற்று. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மருந்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் ஏசுவீர்கள். கேட்காமலும் இருக்க ஏலவில்லை.

ஒரு நாளைக்கு வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள், ராத்தா.

சுஹைரா


குறிஞ்சாக்கேணி.
12.05.2025

சுஹைராவுக்கு,

ஸலாம். மருந்துக்கு றம்ஸானிடம் கேட்டேன். கொடுத்தான். றஹ்மாவைப் பார்த்தான். நான் சாகவில்லை. தயாளினி புது விண்ணப்பம் எழுதி என் ஒப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். கணக்கெடுப்பு தொடங்குகிற அன்றைக்கு முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுப்பாளாம். நான் அவளை ஒவ்வொரு செவ்வாயும் போய்க் கேட்கிறேன். என்னைக் கண்டதும் சிரிக்கிறாள்.

என்னை வரச் சொல்லி எழுதியிருக்கிறாய். அதற்கு உனக்கு என்ன உரிமை? அடுத்தவர் வீட்டுக்கு ஆள் கூப்பிட நீ யார்? மகளின் வீட்டில் இருக்கிறவள், ஒருவரை வரச் சொல்வதற்கு முன்னால் மகளிடம் கேட்க வேண்டும். நான் இங்கே றஹ்மாவைக் கேட்காமல் ஒரு குஞ்சையும் படி ஏற்றியதில்லை. நீ பழகவில்லை. பழகு.

நீ கூப்பிட்டு நான் வர மாட்டேன். வீட்டுக்காரி போனில் கூப்பிட்டால், சனிக்கிழமை காலை ஏழரை பஸ்ஸில் வருவேன். வந்தாலும் உன்னோடு எனக்குக் கதை இல்லை. ஜவாஹிரைப் பார்ப்பேன், ஷிஃபானாவின் கையால் தேத்தண்ணி குடிப்பேன், பின்னேரம் திரும்பிவிடுவேன்.

அவளிடம் கேள். இன்றைக்கே கேள்.

அசனா